அமாவாசைத் தறி

"எரும குளிச்சா தண்ணி செவக்குமா பெரியவரே? நீங்களே சொல்லுங்க."

எல்லம்மாள் கரைமேல் நின்று இதைக் கேட்டாள். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரி. மேட்டேரியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன அவளுடைய கன்று போன வாரம் வாசலிலேயே படுத்தது; பிறகு எழவில்லை. வாயெல்லாம் சிவப்பு என்றாள். அதற்கு முன்பே மீன்கள் செத்து மிதந்தன. ஏரியின் கீழ்க்கோடியில், காட்டாமணக்குப் புதரடியில், அரக்கு நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. புதரை ஒட்டிக் காலனி தொடங்குவதால், அவர்கள் குளிப்பாட்டும் எருமையும் கொட்டும் குப்பையும்தான் காரணம் என்று எங்கள் தெரு முடிவு செய்திருந்தது.

எழுபத்து நாலாம் வருஷத்துச் சித்திரை அமாவாசை அது. அமாவாசையன்று பிள்ளையார்பாளையத்தில் எந்த வீட்டிலும் தறி ஓடாது. கோடை அமாவாசை என்றால் வீட்டுக்கு ஓர் ஆளாவது மேட்டேரியில் இறங்கித் தூர் வார வேண்டும். என் பாட்டனார் ஊருக்குப் போட்ட கட்டு அது. முதல் கூடை மண் எங்கள் வீட்டுக் கையால்தான் எடுக்கப்படும். அந்தக் கூடை கைக்குக் கை மாறிக் கரை ஏறும். கரையில் எங்கள் வரிசையின் கடைசி ஆள் அதைத் தரையில் வைப்பான். காலனி வரிசையின் முதல் ஆள் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் கைக்குக் கை கிடையாது. அதுவும் கட்டுதான்.

அன்றைக்குக் காலனி வரிசையின் முதல் ஆள் எல்லம்மாள்; அவளுக்கு எதிரே, எங்கள் வரிசையின் கடைசியில், என் தம்பி கண்ணாயிரம் நின்றான். வீட்டுப் புழக்கடையில் சாயப் பட்டறை நடத்துபவன். எல்லம்மாளுக்கு நான் பதில் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"கண்டதையும் கொண்டாந்து கொட்டிட்டு இங்க வந்து நியாயம் பேசுது பாருண்ணா. இதுங்கள ஏரியில எறங்கவே உடக்கூடாது."

"நாங்க கொட்டினத நீ பாத்தியா? ஏழை கொட்றதுக்கு எங்க வூட்டுல இன்னா இருக்குது?" என்றாள் எல்லம்மாள்.

நான் கையை உயர்த்தினேன். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். "ஏரியக் கெடுத்தவன் எவனா இருந்தாலும், எந்தத் தெருவா இருந்தாலும், இனிமே இந்த வரிசையில நிக்கக் கூடாது. அவன் வூட்டுக்கு ஏரித் தண்ணி கெடையாது. நான் சொல்றேன்."

நான் சொன்னால் சொன்னதுதான் என்பது ஊருக்குத் தெரியும். கண்ணாயிரம்தான் முதலில் தலையை ஆட்டினான்.

அந்த நேரத்தில்தான் தெருப் பக்கமிருந்து தறிச் சத்தம் கேட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. கூடைகள் அப்படியே நின்றன. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு சின்ன முனகல் வந்தது. எங்கள் வீட்டுத் தறியில் என் தகப்பனார் காலத்தில் மாற்றிய புளியங்கட்டைத் தூண் அது. இன்றுவரை சரியாகப் பொருந்தாமல் முனகிக்கொண்டிருக்கும். பிள்ளையார்பாளையம் முழுக்க அந்த முனகல் தெரியும்.

பக்கத்தில் நின்ற வீரபத்திரன் பல்லைக் காட்டினான். "மொதல் கூடதான் உங்க வூட்டுதுன்னு பாத்தேன். அமாவாச தறியும் உங்க வூட்டுதுதானா அண்ணே?"

வரிசை நெடுகச் சிரிப்பு ஓடியது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, சேறு வழிய, ஒருவர் முகத்தையும் பாராமல் வீட்டுக்கு நடந்தேன். இந்த வயதில் இந்தத் தெருவில் நான் தலை குனிந்து நடந்ததில்லை.

தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தாள் காந்தா, கண்ணாயிரத்தின் மனைவி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க வேண்டியவள் எழவில்லை. இன்னும் இரண்டு இழை ஓட்டி, பலகையை அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"யாரக் கேட்டு இன்னிக்குத் தறியில ஒக்காந்த? ஊரே சிரிக்குது. இந்த வூட்டு மானம் உனக்கு வெளையாட்டா?"

"நீங்க வரணும்னுதான் மாமா ஒக்காந்தேன். பின்னால வாங்க."

சாயப் பட்டறையின் பின்சுவர் ஓரம் கிடந்த கற்களை அவள் ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினாள். சாயம் காய்ச்சிய தண்ணீரை அவரவர் புழக்கடைக் குழியிலேயே விட்டு வற்றவைக்க வேண்டும், ஏரிக்கு ஒரு சொட்டும் போகக்கூடாது. அந்தக் கட்டைப் போட்டவர் என் தகப்பனார். அவர் வெட்டிய குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து புதிதாக ஒரு சுட்டமண் குழாய் சுவருக்கு அடியில் நுழைந்து, ஏரிக்கரைக் காட்டாமணக்குப் புதரைப் பார்த்து நேராகப் போயிற்று.

"எத்தினியோ வாட்டி சொன்னேன் மாமா அவருகிட்ட. வெளிய மூச்சு வுட்டா அம்மா வூட்டுக்குப் போயிடுன்னாரு. உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தா, பொம்பளைக்கு இன்னா பேச்சுன்னு எழுந்து போயிடுவீங்க. இந்தச் சத்தத்துக்கு மட்டும் ஓடியாருவீங்கன்னு தெரியும்."

தம்பி மனைவி என் முகத்துக்கு நேரே இப்படிப் பேசினாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஏரிக்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெண்பிள்ளையை விரல் நீட்டித் திட்டியது. நான் தீர்ப்புச் சொன்னபோது முதல் ஆளாகத் தலையை ஆட்டியது. என் தகப்பன் பெற்ற பிள்ளை!

கற்களைத் திரும்ப உருட்டி மூடிவிடலாம். ஒரு கூடை மண் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? காந்தா என் கையிலிருந்த மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குழாயின் அடியில் மண்வெட்டியைக் கொடுத்து நெம்பினேன். ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. முழங்கை வரை சிவப்பாயிற்று.

"நீ போய் ஒக்காரும்மா."

"எங்க மாமா?"

"தறியிலதான். நிறுத்தாத."

குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு தெரு வழியாகவே நடந்தேன். வேட்டியில் சாயம் வழிந்தது. பின்னால் தறி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. அடிக்கு ஒரு முனகல்.

ஏரியில் இறங்கி என் இடத்தில் நின்றேன். வீரபத்திரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; என் கையைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"புடி. மேல அனுப்பு," என்றேன்.

கூடை போன வழியிலேயே குழாயும் போயிற்று. வாங்கியவன் ஒவ்வொருவனும் தன் உள்ளங்கையைப் பார்த்தான், பிறகு கரையைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. குழாய் மேலே போகப் போகக் கண்ணாயிரத்தின் முகம் வெளிறிக்கொண்டு வந்தது. அவனுக்கு முன்னால் நின்றவன் நீட்டியபோது அவன் கை எழவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசியில் வாங்கினான்.

வழக்கப்படி தரையில் வைக்கக் குனிந்தான்.

எதிரில் எல்லம்மாள் குனியவில்லை. கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் அவனுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். குழாயின் வாயிலிருந்து அரக்குச் சாயம் அந்த நான்கு கைகளுக்கும் நடுவே கரைமண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் எங்கள் தறி அடித்துக்கொண்டே இருந்தது.