முள் பூஜ்யத்தில் நின்றது

சுன்மோர் கரையில் உள்ள எங்கள் கப்பல் பட்டறையில் அளவுக்கருவி எது கெட்டாலும் குட்வேயிடம்தான் போகும். கருவி அறை அவள் பொறுப்பு. டயலோ, அழுத்தமானியோ, மூடி கீறிப்போனால் புதிது வாங்க விடமாட்டாள். தேய்த்துத் தெளிய வைத்துவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை எலக்ட்ரீசியன் ஒட்வின் தன் பழைய முள் வோல்ட்மீட்டரைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். யாரோ பெயிண்ட் தின்னர் நனைத்த துணியால் துடைத்ததில் பிளாஸ்டிக் மூடி பால் படிந்ததுபோல் வெளுத்திருந்தது. எண் காட்டும் புதுக் கருவிகளை அவனுக்குப் பிடிக்காது. முள்ளைத்தான் நம்புவான்.

"இதுல பாத்தா மூடுபனியில ஃபியோர்டுக் கடலைப் பாக்கற மாதிரி இருக்கு."

"உன் கண்ணையும் கழட்டி வெச்சிட்டுப் போ. ரெண்டையும் தேச்சுத் தரேன்," என்றாள் குட்வே.

மூடி சட்டத்தோடு ஒட்டியிருந்ததால் கழற்ற முடியவில்லை. சுற்றிலும் டேப் ஒட்டி, மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரே திசையில் தேய்த்தாள். கீறல்கள் மறைந்து மூடி முழுதும் ஒரே சீராக மங்கியது. பிறகு பாலிஷ் பசை. கடைசியாக உலர்ந்த பருத்தித் துணி. கால் மணி நேரத் தேய்ப்பில் மூடி இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிந்துவிட்டது. சோப்புத் தண்ணீர்த் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து, வாசலில் பார்சல் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மீட்டர் இல்லை. அந்த இடத்தில் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி ஒன்று இருந்தது. ஒட்வினின் நன்றி அப்படித்தான் இருக்கும். அவள் சிரித்துக்கொண்டே அதைத் தின்றுவிட்டு, வரிசையில் அடுத்திருந்த முள் மீட்டரை எடுத்தாள்.

உலர்ந்த துணியால் நாலு தேய் தேய்த்திருப்பாள். எந்த வயரும் சேராத அந்த மீட்டரின் முள் தானாக எழுந்து பாதி வழியில் நின்றது. தட்டினாள், இறங்கவில்லை. வாயால் ஊதி ஆவி படிய வைத்ததும் சட்டென்று விழுந்தது.

அவளுக்கு இது புதிதல்ல. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, தேய்த்த பிளாஸ்டிக்கும் மெல்லிய முள்ளை இழுக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று உலர்ந்திருக்கும்போது ரொம்பவே இழுக்கும். அதைப் போக்கத்தான் சோப்புத் தண்ணீர். இதுவரை எந்த மீட்டரும் அது இல்லாமல் அவள் மேஜையை விட்டுப் போனதில்லை. ஒட்வினின் முள் எழாமல், பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், மின்சாரம் ஓடும் வயரிலும் இல்லை என்றல்லவா காட்டும்?

போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃபோர்மனிடம் ஓடிக் கேட்டாள். பழுது பார்க்க மேடையில் ஏற்றியிருக்கும் கார் ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின் அறையில் பழைய பம்பின் வயரைக் கழற்றப் போயிருக்கிறான் என்றார். கோட்டு போடாமலே ஓடினாள். பனி உறைந்த கப்பல்துறையில் இரண்டு முறை வழுக்கி, முழங்கையில் அடிபட்டு, ஏணியில் இறங்கினாள்.

ஒட்வின் திறந்த மின்பெட்டியின் முன்னால் குந்தியிருந்தான். திருகாணி சிறியது என்று கையுறையைக் கழற்றியிருந்தான். இடது கை கப்பலின் இரும்பில் ஊன்றியிருந்தது. வலது கை விரல்கள் வயர் முனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கழுத்தில் தொங்கிய மீட்டரில் முள் பூஜ்யம்.

கத்த வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். திடுக்கிட்டவன் கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஒட்வின், கையை மெதுவா பின்னால எடு."

அவன் விரல்கள் நின்றன. திரும்பாமலே, "பவர் இல்ல. நான்தான் ஆஃப் பண்ணினேன். முள்ளப் பாரு," என்றான்.

"அந்த முள்ள நம்பாத. அது ஒட்டிக்கிட்டிருக்கலாம். மூடியை நான் இன்னும் துடைச்சு முடிக்கல."

அவன் கையை எடுத்தான். அவளைத் திருப்திப்படுத்துவதற்காக என்பதுபோல, பக்கத்தில் வேலை விளக்கு செருகியிருந்த பிளக் பலகையின் காலித் துளைகளில் மீட்டரின் முனைகளை வைத்தான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முள் பூஜ்யத்திலேயே இருந்தது.

குட்வே குனிந்து மூடியில் ஊதினாள். முள் துள்ளி இருநூற்று முப்பதில் நின்றது. முனைகளை அவன் பம்பின் வயரில் வைத்தான். அங்கும் இருநூற்று முப்பது. கரையிலிருந்து இன்னொரு வழியாக மின்சாரம் வந்துகொண்டிருந்தது. கப்பலின் மின் வரைபடத்தில் அது இல்லை.

ஒட்வின் மீட்டரைக் கழுத்திலிருந்து கழற்றினான். பிறகுதான் கோபம் வந்தது.

"இது இன்னும் முடியலன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கக் கூடாதா நீ?"

"வெச்சிருக்கணும். நீ ஏன் சொல்லாம எடுத்துட்டுப் போன? தொடறதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கற இடத்துல ஒரு தடவ வெச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தவறாமல் செய்கிறவன். இன்று கருவி அவ்வளவு தெளிவாக இருந்ததில் சந்தேகமே வரவில்லை என்றான்.

ஃபோர்மன் இரண்டாவது மின்வழியைக் கண்டுபிடித்துப் பூட்டுப் போட்டார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். முன்கூட்டிச் சோதிக்காததை எழுதாமல் விட்டுவிட முடியுமா என்று ஒட்வின் அவளிடம் தணிந்த குரலில் கேட்டான். மனைவிக்குத் தெரிந்தால் இனி ஒரு நாளும் நிம்மதியாக வேலைக்கு அனுப்பமாட்டாள் என்றான். குட்வே தாளை எடுத்தாள். முடிக்காத மீட்டரை மேஜையில் விட்டுப் போனது தன் தவறு என்று தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டுப் பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

தொடுவதற்கு முன் சோதிக்காததை அவன் எழுதினான்.

மறுநாள் அந்த வயரைக் கழற்றுவதற்கு முன் அவன் மீட்டரை மூன்று இடங்களில் வைத்துச் சோதித்தான். குட்வே ஏணியடியில் நின்றிருந்தாள். அவன் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.