மூன்றாவது கை

“எழுந்திருக்காதீங்க. விழுங்காதீங்க. மூக்கால மட்டும் மூச்சு விடுங்க.”

சொல்லி முடிப்பதற்குள் உதவியாளரான அவளுடைய இடது கை, பல் கிளினிக் நாற்காலியில் படுத்திருந்த பெண்மணியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தது. வலது கை எச்சில் உறிஞ்சும் குழாயோடு வாய்க்குள் நுழைந்திருந்தது.

கடைவாய்ப் பல்லுக்கு மாட்ட வேண்டிய உறை, டாக்டரின் ஈரக் கையுறையிலிருந்து வழுக்கி அடிநாக்கில் கிடந்தது. ஒரு மிடறு விழுங்கினால் வயிற்றுக்குப் போகும். மூச்சைத் தப்பாக இழுத்தால் நுரையீரலுக்கு.

வம்பை விலைக்கு வாங்கியது அந்த அம்மாள்தான். தொண்டைக்குக் குறுக்கே தடுப்பாக வைத்திருந்த துணியை, “குமட்டுது, எடுங்க” என்று ஒரு அதட்டல். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் அதட்டினதும் டாக்டருக்கு ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது போல. எடுத்துவிட்டார்.

உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்த குழாய் சட்டென்று வாயடைத்தது. உறை அதன் முனையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இம்மியும் ஆட்டாமல் வெளியே எடுத்தாள். தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது உறை.

டாக்டர் அப்போதுதான் மூச்சு விட்டார். அவர் நெற்றி வியர்வையை அவள் துடைத்துவிட்டாள். அவர் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கமும் இல்லை. பார்க்காமலே கையை நீட்டுவார், வேண்டிய கருவி உள்ளங்கையில் இருக்கும். அந்தக் கிளினிக்கில் அவளுக்குப் பெயரே ‘மூணாவது கை’.

“தப்பு என்னுதுதாம்மா. மறுபடி துணியை வைக்கணும்” என்றார் டாக்டர்.

அந்த அம்மாள் இந்தத் தடவை அதட்டவில்லை.

துணியை மடித்து வைக்கும்போது மூணாவது கை அந்த அம்மாளின் கண்ணைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள். உறை விழுந்ததற்காக அல்ல. படுத்திருப்பவர் அவளுடைய மாமியார்.

“அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று மகனிடம் சபதம் போட்டு, பதிவுத் திருமணத்துக்கு வராமலே இருந்துவிட்ட மாமியார். வீட்டுச் சுவரில் மாட்டிய படத்தில் தினமும் பார்க்கிற முகம். பல்லைச் செதுக்கின அன்று அவள் லீவு. இன்று வாசலில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நல்லவேளை, தொப்பி, மாஸ்க், கண்ணாடி, அதற்கும் மேலே ஒரு பிளாஸ்டிக் திரை. இன்னார் என்று தெரிந்தால் வேலை பாதியில் இருக்கும்போதே எழுந்து போய்விடுவார். செதுக்கின பல் மூடியில்லாத பானையாக நிற்கும். ஒரு வாரம் போதும், சீழ் வைக்க.

“வலிச்சா இடது கையைத் தூக்குங்கம்மா” என்று சொல்லிவிட்டு டாக்டர் பல்லைக் காற்றடித்து உலர்த்தினார். கை அசையவில்லை.

“டாக்டர், கொஞ்சம் நிறுத்துங்க. வலிக்குது அவங்களுக்கு.”

“கையைத் தூக்கலையே?”

“கால் கட்டைவிரல் தூக்கிடுச்சு.”

மாமியார் கண்ணைத் திறந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு மரப்பு ஊசி போட்டார்.

மரத்ததும் அவள் பசையைக் குழைத்தாள். இறுகவும் கூடாது, ஓடவும் கூடாது. கரண்டியைத் தூக்கினால் தேன் மாதிரி நூல் இழுக்க வேண்டும். இழுத்தது. உறைக்குள் தடவி நீட்டினாள். இந்தத் தடவை உறை சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. பஞ்சு உருளையைக் கடிக்க வைத்து, பிதுங்கிய பசையைச் சுரண்டி எடுத்து, நூல் விட்டுச் சுத்தம் செய்தாயிற்று.

டாக்டர் அடுத்த அறைக்குப் போனார். மாமியார் வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அவள் கருவிகளைக் கழுவப் பிரித்து வைத்து, விளக்கின் பிடியைக்கூட விடாமல் துடைப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தார்.

“ஏம்மா, யார் கால் விரலையும் இப்படித்தான் பார்ப்பியா?”

“பார்ப்பேம்மா. வாய் பேச முடியாதே, பாவம்.”

“ம். டாக்டரையே நிறுத்துன்னு சொல்றே.”

“அவர் பல்லைப் பார்க்கிறார். ஆளைப் பார்க்க ஒருத்தர் வேணுமில்ல?”

மாமியார் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். மரத்த உதட்டோடு நிதானமாகப் பேசினார்.

“எங்க வீட்டுக்கு எதிர்லயே பல் டாக்டர் இருக்கார். ரெண்டு பஸ் மாறி இங்க வந்தேன்.”

“இவர் கைராசிக்காரர்னு யாராவது சொல்லியிருப்பாங்க.”

“டாக்டரைப் பார்க்க யாரு வந்தா? நீ வேலை செய்யற இடத்தை என் மகன் சொல்லி ரொம்ப நாளாச்சு.”

துடைக்கிற துணி அவள் கையில் அப்படியே நின்றது.

“மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். வேலையைப் பார்க்க மாட்டேன்னு சொல்லலையே. பார்த்தாச்சு” என்றார் மாமியார். “இப்ப அந்த மாஸ்க்கைக் கழட்டு.”