உலை அணைந்த நாளின் காற்று

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதன் முகத்தில் சந்தனம், குங்குமம். கழுத்தில் சாமந்திச் சரம். கீழே ஒரு வரி: 'எங்க மிஷினும் சாமியாயிடுச்சு!' ஆயுத பூஜைக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்தது. சிரித்தேன். நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

அனுப்பியவரே இரண்டு மாதம் கழித்து மீதியைச் சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தொப்பூர் கணவாயில் மூச்சிரைத்தபடி ஏறிய லாரிகளுக்கு நடுவே ஜாஸ்மினின் ஸ்கூட்டர்...'

அடித்துவிட்டேன். லாரிக்கு மூச்சிரைக்கிறது என்று எழுதிவிட்டால், தீர்த்தகிரி வரும்போது என்ன எழுதுவேன்?

தீர்த்தகிரிக்கு ஐம்பத்தெட்டு வயது. நெடுஞ்சாலையோரத்து இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் வீடு. நாலு வார்த்தை பேசினால் இரண்டு தடவை நிறுத்தி இளைப்பார். மனைவி சாலம்மாள் மனு மேல் மனுவாகக் கொடுத்ததில், இந்தத் தூசு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை ஒரு கல்லூரிக்குப் போனது. ஆராய்ச்சி மாணவி ஜாஸ்மின், சாலம்மாள் வீட்டு மாடியில் பெட்டியை வைத்தாள். அது காற்றை உறிஞ்சும். உள்ளே வெள்ளை பில்டர் தாளில் தூசு படியும். தினமும் காலையில் தாளை மாற்றுவாள். [விஞ்ஞானம் இவ்வளவுதான். பயப்பட வேண்டாம்.]

வருஷத்தில் ஒரே நாள் உலை அணையும்: ஆயுத பூஜை. அன்றைய தூசையும் மற்ற நாள் தூசையும் ஒப்பிட்டால், குறைவது எவ்வளவோ அவ்வளவும் ஆலையின் பங்கு. அது நிரூபணமானால் புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டே ஆகவேண்டும். சாலம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

3

கதைக்கு வில்லன் வேண்டும். ஆலை மேனேஜருக்கு மோதிரமும் முறுக்கு மீசையும் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். பொருந்தவில்லை. அதிகாரிகள் முன்னால் நடந்த கூட்டத்தில் அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. கல்லூரி கொடுத்த அறிக்கையில் ஒரு வரியை வாசித்தார், அவ்வளவுதான்.

"மத்த நாள்ல தூசு சராசரி எண்பத்தாறு. எங்க உலை நின்ன அன்னைக்கு நூத்தி நாப்பத்திரண்டு. அதுவும் விறகுப் புகைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப தப்பு எங்க மேலயாங்க, அந்த ஊர் அடுப்பு மேலயாங்க?"

எழுதியது ஜாஸ்மின்தான். அந்த எண் உறுத்தியபோது, பண்டிகை நாள், வீட்டுக்கு வீடு விறகு எரிந்திருக்கும் என்று எழுதிக் கடந்திருந்தாள்.

ஜாஸ்மின் ஆவேசமாக எழுந்து... (இல்லை. எழவில்லை. அந்த போட்டோ ஞாபகம் வந்துவிட்டது. எடுத்தவளே அவள்தான். பொட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், புகையை நினைக்கவே இல்லை.*)

* அவள் வீட்டில் ஆயுத பூஜை வழக்கமில்லை. இதைச் சாக்காக எழுதிப் பார்த்தேன். அவளே ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

4

அன்று மத்தியானமே சாலம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"வா கண்ணு. என்ன மூஞ்சி வாடிக் கெடக்கு? சோறு தின்னியா?"

"அக்கா, ஆயுத பூஜை அன்னைக்கு மிஷினுக்கு என்னென்ன செஞ்சீங்க?"

"ஒரு கொறையும் வெக்கலியே! எங்க வூட்டு வண்டிக்கு வெறும் பொட்டுதான். உன் மிஷினுக்கு சாம்பிராணிச் சட்டிய அடியிலயே வெச்சி, தேங்கா மட்டையப் போட்டுப் போட்டு, பொழுது எறங்கற வரைக்கும் பொகை காட்டினேன். எங்களுக்கு நாயம் கேக்க வந்த மிஷினாச்சே!"

உள்ளேயிருந்து தீர்த்தகிரி சிரித்தார். "எனக்குக்கூட... இவ்ளோ மருவாதி... பண்ணதில்ல பாப்பா."

"உனக்குப் பொகை காட்டினா போய்ச் சேந்துருவ. கம்முனு கெட."

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அந்த நாளின் தாள் செல்லாது என்று ஜாஸ்மின் அறிவிக்கலாம். பேராசிரியர் போனில் சொல்கிறார்: "அதை எடுத்துட்டா, உலை நின்ன நாளே நம்ம கையில இல்லம்மா. இனி அடுத்த ஆயுத பூஜைக்குத்தான்." அதுவரை தீர்த்தகிரி... இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

சாலம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்லவைத்தேன். அவள் அழவில்லை. எந்தக் கையால் மட்டையைப் போட்டாளோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன்.

ஒன்றும் சொல்லாமல் போய்விடலாம். போனால், அடுத்த வருஷமும் பெட்டி வரும். அவள் இன்னும் இரண்டு மட்டை கூடுதலாகப் போடுவாள்.

6

ஆகவே ஜாஸ்மினை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பக்கம் உலை ஓடிக்கொண்டிருக்கிறது. சாலம்மாள் கேட்கிறாள்:

"அன்னைக்கு ஒரு நாளுதான் கண்ணு, இவரு மல்லாந்து படுத்து வெடியற வரைக்கும் தூங்குனாரு. வருசம் பூராவும் ஒரே நாளு. நான் ரெண்டு தடவ மூக்குல கைய வெச்சிப் பாத்தேன்னா பாத்துக்க. அன்னைக்குக் காத்து நல்லா இருந்திருக்குமே? உன் மிஷினு என்னா சொல்லுச்சு?"

உங்களிடம் பதில் இருந்தால் ஜாஸ்மினுக்குக் கொடுங்கள். ஆனால் சாலம்மாளின் காதோடு சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உள்ளே இளைப்பைப் பிடித்து நிறுத்திக்கொண்டு தீர்த்தகிரியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.