ராணி வாள் பிடித்த கை

தம்பிக்குச் சலூன், அக்காவுக்குத் துணி வெட்டும் வேலை. "எங்க குடும்பத்துக்கே கத்திரி யோகம்" என்று தம்பி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். ஆனால் அக்காவின் கத்திரியை வாங்கி அவன் வெட்டினால் துணி மடங்குமே தவிர வெட்டுப்படாது. அது இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்திரி. அதை யாரும் இரவல் கேட்க முடியாது என்பதில் அக்காவுக்கு ஒரு தனிப் பெருமை.

அந்தக் கைக்காக அவள் வாங்கிய அடி கொஞ்சமா நஞ்சமா! பள்ளியில் டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டினார். வீட்டுக்கு வரும் மாமா, பென்சிலைப் பிடுங்கி வலது கையில் திணித்துவிட்டுத்தான் காலில் இருக்கும் செருப்பையே கழற்றுவார். தெருப் பிள்ளைகள் "நொட்டாங்கை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அக்கா அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் ஒரே பதில்தான். "ராணி இந்தக் கையிலதான் வாள் பிடிச்சா. உங்களுக்கெல்லாம் தெரியாது."

ராணி படம் என்பது இருவரும் சின்ன வயதில் பார்த்த சினிமா. அதற்கு நீளமாக வேறு ஏதோ பெயர் இருந்தது. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அம்மா அந்தத் தியேட்டரில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. சீட்டில் உட்கார வைத்தால் மேனேஜர் கத்துவார். அதனால் விளக்கு அணைந்ததும் இரண்டு பேரையும் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், பழைய படுதா ஒன்றை மடித்துப் போட்டு உட்கார வைப்பாள். "மூச்சு காட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

திரைத்துணி வழியாகப் படம் இந்தப் பக்கமும் கசியும். பீரோ உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே நிற்கும். படத்தில் இடி இடித்தால் வயிற்றுக்குள் இடிக்கும். துணிக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்து இவர்களை நோக்கி வாய் பிளந்துகொண்டிருக்கும். கோட்டைப் படிக்கட்டில் ராணி ஒற்றை ஆளாக நின்று இடது கையால் வாளை உருவும்போது, தம்பி பயத்தில் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொள்வான். அக்கா தன் இடது கையை மெல்லத் தூக்கிப் பார்ப்பாள். உலகத்தில் தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள், அதுவும் ராணியாக இருக்கிறாள் என்றால் சும்மாவா! படம் அந்தத் தியேட்டரை விட்டுப் போகும்வரை தினமும் பார்த்தார்கள். பிறகு அம்மாவுக்கு வேறு வேலை கிடைத்தது. ராணியை அதற்கப்புறம் அவர்கள் எங்கும் பார்க்கவில்லை.

இப்போது அக்காவின் காதோரம் நரைத்துவிட்டது. அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் புதிதாக வெட்டும் மெஷின் வாங்கியிருந்தார்கள். கைப்பிடியும் பாதுகாப்புக் கம்பியும் வலது கைக்கென்று இருந்தன. கையை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துணி மடிக்கும் மேசைக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கட்டிங் மாஸ்டர் என்று கம்பெனியே கூப்பிடும் ஒருத்திக்கு மடிக்கும் மேசை! இடது கைக்கும் அதே மெஷின் கிடைக்கிறதாம். அதை வாங்கித் தரச் சொல்லிச் சண்டை போடுவதா, வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவதா என்று யோசிக்கத்தான் அவள் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். பதிலைக் கேட்டு இன்றைக்கு போன் செய்வதாக முதலாளி சொல்லியிருந்தார்.

தம்பிக்குச் சண்டையெல்லாம் சொல்லித்தர வராது. அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து ராணிதான். கடைக்கு வழக்கமாக வரும் பூட்டுக்கடைக்காரரிடம் சொல்லி வைத்து, அவர் எங்கெங்கோ தேடி, படம் ஒரு பென் டிரைவில் வந்து சேர்ந்திருந்தது. காலையில் அவன் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் அக்காவைக் கூடத்தில் டிவி முன்னால் உட்கார வைத்தான்.

"என்னடா இது, புதுசா உபசாரம்?"

"பேசாம பாருக்கா. யார் வர்றான்னு பாரு."

வந்தது அட்டைக் கோட்டை. காற்று அடித்தால் கோபுரம் ஆடியது. குதிரை அகழியைத் தாண்டியது. தாண்டியதையே மறுபடி காட்டினார்கள். பிறகு இன்னொரு போர் என்று சொல்லி அதே தாண்டலை மூன்றாம் தடவையும் காட்டினார்கள். வில்லனுக்குப் பாதி வசனத்தில் மீசை பிய்ந்துகொண்டது. அவன் யோசிக்கிற மாதிரி விரலை வைத்து அதை அழுத்திக்கொண்டான். அக்கா தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். தம்பியும் சிரித்தான், ஆனால் அவனுக்கு உள்ளுக்குள் கருக்கென்றது. வயிற்றுக்குள் இடித்த இடியெல்லாம் யாரோ தகரத்தை ஆட்டுகிற சத்தமாகக் கேட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். இருந்தாலும் படிக்கட்டுக் காட்சி வரட்டும் என்று பொறுத்திருந்தான்.

வந்தது. ராணி வாளை உருவினாள். வலது கையால்.

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "பின்னாடி ஓட்டு."

ஓட்டினான். வலது கை. இன்னொரு தடவை ஓட்டினான். சந்தேகமே இல்லை, வலது கைதான். அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கும் இடது கைன்னுதான்க்கா ஞாபகம்..."

"உனக்கு நான் சொன்னதுதான் ஞாபகம். நீ அப்ப மூக்கு ஒழுகிக்கிட்டிருந்தவன்." அவள் தன் இடது கையை மடியில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வலது கையை வைத்துக்கொண்டாள். "சின்னப் பிள்ளை, தனக்கு வேணுங்கறதைப் பாத்திருக்கு. அவ்வளவுதான். அவளும் எல்லாரையும் மாதிரிதான். நான்தான் இல்லாத ஒருத்திக்காக அடி வாங்கியிருக்கேன்."

"அக்கா, அது வெறும் சினிமா."

"அதைத்தான்டா நானும் சொல்றேன். முதலாளி போன் பண்ணா மடிக்கிற மேசைக்கே வர்றேன்னு சொல்லிடறேன். நாளைக்கு வேணாம், சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பறேன்."

கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது. தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா அழுதிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அமைதியாகத் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், அதுவும் வலது கையால், இப்போதிருந்தே பழகுகிறவள் போல. அவன் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான்.

அவன் கடையில் டிவி ஒரு வேடிக்கை. ஊரில் எல்லா சலூனிலும் டிவி கண்ணாடிக்கு மேலே இருக்கும். இவன் கடையில் பிளக் பாயிண்ட் பின் சுவரில் இருந்ததால் டிவியும் அங்கேயே போய்விட்டது. நாற்காலியில் உட்கார்கிறவர்கள் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். செய்தி ஓடினால் எழுத்தெல்லாம் திரும்பி ஓடும். பூட்டுக்கடைக்காரர் இதைப் பொறுக்காமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்படித் திரும்பி ஒரு தடவை ஒரு பக்கக் கிருதாவை இழந்தும் அவருக்குப் புத்தி வரவில்லை.

மதியம் கடையில் ஆள் இல்லை. தம்பி படத்தைப் போட்டுவிட்டு டிவிக்கு நேரே நின்றான். கோபுரம் ஆடியது அவனுக்குப் பிரச்சினை இல்லை. மீசை பிய்ந்ததும் இல்லை. வேறு ஏதோ ஒன்று காலையிலிருந்து உறுத்தியது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். என்னவென்றுதான் தெரியவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள், தோளில் பையோடு. "கழுத்துல முடி விழுது. ஒட்ட வெட்டி விடு. அப்படியே பஸ்ஸுக்குப் போயிடறேன்." டிவியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "அந்தக் கண்றாவியை முதல்ல அணை."

"உக்காரு, அணைக்கறேன்." அவளுக்குத் துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, சீப்பை எடுத்தவன் டிவியை மறந்துவிட்டான். மறந்தானா, மறந்த மாதிரி இருந்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு பக்கம் வெட்டி முடித்தான். சலூன்காரன் எவனும் தலையை நேரே பார்த்து அளவு சொல்ல மாட்டான். நிமிர்ந்து கண்ணாடியில்தான் பார்ப்பான். தம்பியும் நிமிர்ந்து பார்த்தான். அக்காவின் தலைக்கு மேலே, கண்ணாடிக்குள், படிக்கட்டு தெரிந்தது. ராணி வந்தாள். வர வேண்டிய பக்கத்திலிருந்து வந்தாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏன் சிலிர்க்கிறது என்று புத்திக்குப் புரிவதற்கு முன்னால் கண்ணுக்குப் புரிந்துவிட்டது. கதவு அந்தப் பக்கம்தான் இருந்தது. தீவட்டி இந்தப் பக்கம்தான் எரிந்தது. எல்லாம் அப்படியே, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. கத்திரி அந்தரத்தில் நின்றது.

"அக்கா. கண்ணைத் திற. திரும்பாதே. கண்ணாடியைப் பாரு."

அவன் குரலைக் கேட்டு, எங்கே காதை வெட்டிவிட்டானோ என்று பயந்துதான் அவள் கண்ணைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ராணி வாளை உருவினாள். இடது கையால்.

கண்ணாடிக்குள் வாள்கள் மோதின. ராணி ஒவ்வொரு படியாக இறங்கினாள், எதிரிகள் ஒருவர் பின் ஒருவராகச் சரிந்தார்கள், அந்தக் கை ஓயவே இல்லை.

"அம்மா நம்மளை எங்க உக்கார வெப்பா, சொல்லு" என்றான் தம்பி.

"பின்னாடி." அக்காவின் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக வந்தது. "ஸ்கிரீனுக்குப் பின்னாடி."

"பின்னாடி இருந்து பாத்தா எல்லாம் பக்கம் மாறித் தெரியும்க்கா. இந்தக் கண்ணாடியில தெரியற மாதிரி. நமக்கு அது பின்பக்கம்னே தோணலை. நமக்கு அதுதான் படம்."

இத்தனை வருஷமாக நாள் பூராவும் கண்ணாடிக்கு எதிரே நிற்கிறவன் அவன். டிவி எழுத்து அதில் திரும்பி ஓடுவதைத் தினமும் பார்க்கிறவன். அவனுக்கே இது இன்றைக்குத்தான் உறைக்கிறது. கோபுரம் கண்ணாடிக்குள்ளும் ஆடத்தான் செய்தது. வில்லன் மீசையை அழுத்தத்தான் செய்தான். ஆனால் அதெல்லாம் இப்போது யாருக்கு வேண்டும்? ஊர் முழுக்க டிக்கெட் வாங்கி முன்னால் உட்கார்ந்து வலது கை ராணியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதே நேரத்தில் அதே துணியில், டிக்கெட் இல்லாத இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இடது கை ராணி சண்டை போட்டிருக்கிறாள். இப்படி ஒரு படம் ஓடியது படம் எடுத்தவர்களுக்கே தெரியாது. தம்பிக்கு அதை நினைக்க நினைக்க மலைப்பாக இருந்தது.

"மூட்டையைப் போடற மாதிரி பின்னாடி போட்டுட்டாளேன்னு அம்மா மேல எனக்கு எவ்வளவு நாள் கோபம் தெரியுமா?" அக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "அவ மட்டும் நம்மளை சீட்டுல உக்கார வெச்சிருந்தா..."

போர்த்திய துணிக்குள் போன் அடித்தது. துணியை விலக்கிக்கொண்டு இடது கை வெளியே வந்தது.

"சொல்லுங்க சார்... ஆமா, யோசிச்சுட்டேன். மடிக்கிற மேசைக்கு நான் வர்றதா இல்லை. இடது கைக்கு மெஷின் இருக்கு, அதை வாங்கிப் போடுங்க. இல்லேன்னா என் கத்திரியை எடுத்துக்கிட்டு நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்... இல்ல சார், கோபமெல்லாம் இல்ல. நீங்களும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப வைக்கறேன், படம் பாத்துக்கிட்டிருக்கேன்."

முதலாளி என்ன செய்வாரோ, வேலை இருக்குமோ போகுமோ, அது அப்புறம். அக்கா போனைப் பையில் போட்டாள். "முதல்ல இருந்து போடு."

"பஸ்ஸு?"

"பஸ்ஸு நாளைக்கும் வரும்."

முதலிலிருந்து போட்டான். பெயர்கள் ஓடின, கண்ணாடிக்குள் எல்லா எழுத்தும் திரும்பியபடி. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "ஞாபகம் இருக்கா? என்னக்கா எழுதியிருக்குன்னு கேப்பே. எனக்கும் படிக்க வராது. அது சினிமா எழுத்து, நமக்கெல்லாம் புரியாதுன்னு சொல்லுவேன்."

"நான் ரொம்ப நாள் அதை நம்பினேன்."

"நீ எதைத்தான் நம்பலை!"

பூட்டுக்கடைக்காரர் உள்ளே வந்தார். பாதி முடி மட்டும் வெட்டிய அக்காவையும், சீப்பும் கையுமாக அவள் பின்னால் நிற்கும் தம்பியையும், இருவர் கண்ணும் கலங்கியிருப்பதையும் பார்த்து, ஏதோ குடும்ப விவகாரம் என்று நினைத்து ஓசைப்படாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வழக்கம்போலக் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தார்.

"அட, நான் குடுத்த படமா? ஒரே அட்டையா இருக்கே, இதைப் போயா தேடச் சொன்னே?"

அக்கா துணிக்குள்ளிருந்து இடது கையை நீட்டிக் கண்ணாடியைக் காட்டினாள்.

"அங்க என்ன பாக்கறீங்க? படம் இங்க ஓடுது."