எல்கோவில் திறந்த மதகு

தண்ணீர் பங்கிடுவது என் வேலை. இடாஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் ஊரைச் சுற்றி ஓடும் வாய்க்கால்களில், எந்தப் பண்ணைக்கு எவ்வளவு என்று பார்த்து மதகுகளைத் திறந்து மூடுகிறவன் நான். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். இந்த வேலையில் முதல் நாளே ஒரு விதி சொல்லித் தருவார்கள். எந்த மதகைத் திறந்தாயோ, அதையேதான் மூட வேண்டும். கீழே போய் வேறொன்றை மூடினால் தண்ணீர் நிற்காது, கரையேறி யாருடைய பீட்ரூட் வயலிலாவது புகுந்துவிடும்.

விதியில் ஒரு குறையும் இல்லை. அதை என் திருமணத்துக்குப் பொருத்திப் பார்த்ததில்தான் கோளாறு.

செப்டம்பரில் என் மனைவி மார்லா, பிரிந்துவிடலாம் என்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகள் பின்னால் கூச்சலிட்டாலும் உயர்த்தாத குரல் அது.

"ஏன்னு சொல்லு" என்றேன்.

"பதினாலு வருஷமா நீ எனக்கு எல்லாத்தையும் விளக்கிட்டே இருக்க, ஆரின். ஃபிரிட்ஜ் எப்படி ஓடுது, ரொட்டி ஏன் உப்புது, நான் ஏன் கோவமா இருக்கேன், எல்லாம். நீ என்னை எதுவுமே கேக்கறதில்ல."

இதற்கு நான் சொன்ன பதில், விவாகரத்து எப்படி நடக்கிறது என்ற விளக்கம். நாங்கள் திருமணம் செய்தது பக்கத்து மாநிலமான நெவாடாவில், எல்கோ ஊர் நீதிமன்றத்தில். பதிவேடு அங்கே இருக்கிறது. ஆகவே அங்கே போய்த்தான் அதை ரத்து செய்ய வேண்டும். திறந்த மதகு அங்கே, மூடுவதும் அங்கேதான். கை துடைக்கும் காகிதம் ஒன்றில் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

மார்லா படத்தைப் பார்த்தாள். "யார்கிட்டயாவது கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

"சரி" என்றாள். அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிரிய மனமில்லை. எல்கோ இரண்டரை மணி நேரப் பயணம். திருமண நாளன்று சாப்பிட்ட கடை, ஸ்பெயினிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களின் சாப்பாட்டுக் கடை, அங்கே இருக்கிறது. போகிற வழியிலோ, அந்த மேசையிலோ அவள் மனம் மாறலாம். என் விளக்கத்தின்மேல் எனக்கு அவ்வளவு உறுதி வந்ததற்கு, அதில் இரண்டரை மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காரும் வசதி இருந்ததும் காரணம். யாரிடமாவது கேட்டிருந்தால் அந்த வசதி போயிருக்கும்.

நவம்பரில் பாசனம் முடிந்து வாய்க்கால்களை அடைத்ததும் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெருவில் ட்வின் ஃபால்ஸ் நீதிமன்றம். அதன் வாசலைக் கடந்துதான் நெடுஞ்சாலைக்கு வண்டியைத் திருப்பினேன். மார்லா அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வழியில் பேசி மனதை மாற்றுவதாகத் திட்டம். பேசவும் செய்தேன். மலையின் ஒரு பக்கம் மட்டும் ஏன் பனி தங்குகிறது என்று. மாநில எல்லைக்கு அப்பால் கடிகாரத்தை ஏன் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள் என்று. "அதனால நமக்கு ஒரு மணி நேரம் லாபம்" என்று முடித்தேன். திருமணம் முடிந்த அன்று எல்கோவிலும் இதையேதான் சொன்னேனாம். அதை மார்லா ஞாபகப்படுத்தினாள், அன்பாக அல்ல.

எல்கோ நீதிமன்ற அலுவலகத்தில் மைட்டே என்ற பெண் இருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்க ஆறு நிமிடம் ஆனது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நெவாடால எத்தனை நாளா இருக்கீங்க சார்?"

"ரெண்டு மணி நேரமா."

"ஆறு வாரம் இருந்திருக்கணும். இருந்தீங்கன்னு இந்த ஊர்க்காரர் ஒருத்தர் சாட்சி சொல்லணும்."

"ஆனா கல்யாணம் இங்கதானே நடந்தது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. நீங்க எங்க குடியிருக்கீங்களோ அந்த ஊர் கோர்ட்லயே மனு போடலாம். உங்க ஊர்ல கோர்ட் இருக்குமே?"

"இருக்கு" என்றாள் மார்லா. "வீட்லேருந்து நாலாவது தெரு."

நான் மதகு விதியைச் சொல்ல வாயெடுத்தேன். மைட்டே எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்துவிட்டாள்.

பாஸ்க் கடையில் நீண்ட மேசை. முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர். பெரிய பாத்திரத்தில் சூப் வந்ததும், மார்லா கைப்பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் தட்டருகே வைத்தாள். ட்வின் ஃபால்ஸ் நீதிமன்றப் படிவங்கள். அவள் கையெழுத்தில் நிரப்பியிருந்தது, ஒரு மாதத்துக்கு முந்தைய தேதியோடு.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன் பண்ணிக் கேட்டேன். நாலு நிமிஷம் ஆச்சு."

"அப்புறம் ஏன் என்கூட வந்த?"

"கிளம்பறதுக்குள்ள யார்கிட்டயாவது கேப்பன்னு பாத்தேன். அப்புறம் வழியில என்னையாவது கேப்பன்னு பாத்தேன்." அவள் எனக்கு சூப் ஊற்றினாள். "ஆரின், நம்ம வாய்க்கால் தண்ணி வயோமிங் மாநிலத்து மலையிலேருந்து வருது. நேத்து வரைக்கும் நீயே சொல்லிட்டிருந்த. தண்ணி போதும்னா பண்ணைக்காரன் வயோமிங்குக்கா போறான்?"

"இல்ல."

"பின்ன?"

"அவன் வயல்ல இருக்கற மதகை மூடச் சொல்வான்."

பதினான்கு வருடத்தில் வாய்க்காலைப் பற்றி அவள் எனக்கு விளக்கியது அதுதான் முதல் தடவை. விளக்கம் சரியாகவும் இருந்தது. சுருக்கமாகவும் இருந்தது.

படிவத்தைப் பிரித்தேன். ஆட்டுப்பண்ணைக்காரர் பீன்ஸை என் பக்கம் தள்ளினார். "முதல்ல சூப்பைக் குடிங்க தம்பி. ஆறினா பூண்டு வாடை மட்டும்தான் மிஞ்சும்."

குடித்தேன். பிறகு, அந்த மனிதர் கேட்டாலும் கேட்கட்டும் என்று சொன்னேன். "மார்லா, எனக்கு இது முடிய வேண்டாம்."

"தெரியும்."

"உனக்கு?" என்றேன். இதற்கு அவள் என்ன சொல்வாள் என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் கேட்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் சூப் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப எனக்கு முடியணும்."

ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னாள். ஆட்டுக்கறி வந்து ஆறும்வரை சொன்னாள். நான் நடுவில் ஒரே ஒரு தடவை விளக்கப் பார்த்தேன். பண்ணைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிறுத்திக்கொண்டேன்.

திரும்பும்போது மார்லா வண்டியை ஓட்டினாள். எல்லையில் அந்த லாப மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை நாலாவது தெருவுக்கு நடந்தே போனோம். ஏழு நிமிடம். அங்கிருந்த ஊழியர் படிவத்தைப் புரட்டினார். "திருமணம் நடந்த இடம்னு ஒரு வரி இருக்கு. அது மட்டும் காலியா இருக்கே?"

மார்லா அதை எனக்காக விட்டுவைத்திருந்தாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். அந்த ஊரைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருந்தது.

எல்கோ, நெவாடா என்று மட்டும் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.