அழுமூஞ்சி மெஷின்

முதல் மெஷின் முன்னால் ஈ காக்கை இல்லை. இரண்டாவது மெஷின் முன்னால் பத்தொன்பது பேர் வரிசையில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே உயரம், ஒரே சாம்பல் நிறம். அணு உலைப் பகுதியிலிருந்து வெளியே போகிற எவரும் இவற்றில் ஒன்றில் ஏறி நின்று, கைகளை உள்ளே நுழைத்து, ஐந்து விநாடி அசையாமல் இருக்க வேண்டும். கையிலோ காலிலோ கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் கத்தும். இல்லையென்றால் பச்சை, வீட்டுக்குப் போகலாம். வருடாவருடம் ஆய்வுக்கு வரும் அதிகாரியான அவளுக்கு, இந்த முறை வந்த முதல் இரண்டு நாளும் இந்த வரிசை ஏன் உறைக்கவில்லை என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. 'இப்படி வாங்க மேடம்' என்று யாரோ கையைக் காட்ட, அவளும் கூட்டத்தோடு கூட்டமாக இரண்டாவதில் ஏறிப் பச்சை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

"அது ஏன் சும்மா நிக்குது?" என்று கேட்டாள்.

"அது அழுமூஞ்சி மேடம்," என்றார் கதிர்வீச்சுப் பிரிவு டெக்னீஷியன். நல்ல மனிதர், யாரிடமும் முகம் கோணாதவர். அதுதான் அவரிடம் பிரச்சினையே. "எதுக்கெடுத்தாலும் கத்தும். ஷிப்ட் முடிஞ்சு போறவங்களுக்கு பஸ் போயிடுது. அதான் எல்லாரும் இதுலயே ஏறிடுறாங்க."

"ரிப்பேரா?"

"இல்லையே. கம்பெனிக்காரங்க ரெண்டு தடவ வந்து பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நல்லா இருக்கிற மெஷின்ல ஏற மாட்டீங்க."

"கத்துதே மேடம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த இடத்தில் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும், காரியம்தான் நடக்காது. அவள் காலிலிருந்த ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிறவர்கள் நிலையத்தின் ஷூவைப் போட்டுக்கொண்டு போய், திரும்பும்போது அங்கேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அவள் காலின் அளவுக்கு அங்கே ஷூ கிடையாது. ஐந்து வருடமாக எழுதுகிறாள்; 'கொள்முதல் நடவடிக்கையில் உள்ளது' என்று ஐந்து வருடமாகக் கிளிப்பிள்ளை மாதிரி ஒரே பதில். அதனால் சொந்த ஷூவிலேயே, மேலே ஒரு துணி உறையை மாட்டிக்கொண்டு போய்வருகிறாள். நேற்று பம்ப் அறையில் அந்த உறையும் கிழிந்துவிட்டது. மாற்று உறை கேட்டதற்கு, ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். வேலை நிற்கக் கூடாதே என்று அவளும் அப்படியே நடந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பராமரிப்புக்காக நாற்பது நாள் நிறுத்தி வைத்த உலையை அதற்குப் பிறகுதான் ஓட்டலாம். மேலாளர் காலையிலிருந்து மூன்று முறை கடிகாரத்தைக் காட்டிவிட்டார். மணி இப்போது மூன்று.

அவள் அழுமூஞ்சியில் ஏறி நின்றாள். கையை நுழைத்து முடிப்பதற்குள் அது அலறியது. வலது கால், சிவப்பு.

"பார்த்தீங்களா?" என்றார் டெக்னீஷியன், ஏதோ வழக்கில் ஜெயித்தவர் போல.

இறங்கினாள். ஷூவின் அடியை ஈரத்தாளால் துடைத்துவிட்டு மறுபடி ஏறினாள். மறுபடி சிவப்பு. அதே ஷூவோடு இரண்டாவதில் ஏறினாள். பச்சை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்த நிலையத்தில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். குண்டூசிக்கே குத்தல் என்று யாரோ முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது.

அப்போதுதான் அந்தச் சங்கிலி கண்ணில் பட்டது. இரண்டாவது மெஷினின் பக்கவாட்டில், கால் தட்டுக்கு நேராக, மெல்லிய சங்கிலியில் பொத்தான் அளவு வில்லை ஒன்று தொங்கியது. தினமும் காலையில் மெஷின் சரியாக இருக்கிறதா என்று காட்டிப் பார்க்கும் சோதனை வில்லை. அதில் கொஞ்சம் கதிரியக்கம் இருக்கும். வேலை முடிந்ததும் ஈயப் பெட்டியில் போட்டு மூடி வைக்க வேண்டியது.

"இதை யார் இங்க கட்டினது?"

டெக்னீஷியன் அவளைப் பாவமாகப் பார்த்தார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க. குறிப்பு எண் பதினாலு."

ஃபைலைக் கொண்டுவந்தே காட்டினார். அவளுடைய கையெழுத்துதான். போன வருடம் வில்லை தொலைந்து, அரைநாள் தேடி, டீ ரூமில் கிடைத்தது. அந்தக் கடுப்பில் எழுதிய வரி: 'சோதனை வில்லை தொலைந்து போகாதவாறு மெஷினுடன் பிணைத்து வைக்கப்பட வேண்டும்.' பெட்டியை மெஷினுடன் பிணைக்கச் சொன்னதாகத்தான் அவள் நினைப்பு. பெட்டி என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. அவர்கள் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார்கள். பதினொரு மாதமாக அந்த வில்லை இராப்பகலாக மெஷினின் பக்கத்திலேயே தொங்க, அந்த அளவுதான் இந்த அறையின் இயல்பு என்று மெஷின் கணக்குப் பண்ணிக்கொண்டு, கொஞ்சநஞ்சத்துக்கெல்லாம் கத்துவதை விட்டுவிட்டது. அழுமூஞ்சி ஒன்றுதான் இத்தனை நாளும் உண்மையைக் கத்திக்கொண்டிருந்தது.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு மேடம். ஆனா ஆய்வுக் குறிப்பாச்சே. கழட்டினா நீங்க மறுபடி எழுதுவீங்களே."

அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. திட்டுவதற்கு வாய்க்கு வந்ததையெல்லாம் கடைசியில் தானேதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சட்டென்று வலது காலைப் பார்த்தாள். நேற்று பம்ப் அறையில் உறை கிழிந்த கால். நேற்று மாலை பச்சை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன கால்.

மத்தியானம் தங்கை அனுப்பிய வீடியோவை நான்கு முறை பார்த்துச் சிரித்திருந்தாள். நேற்று அவள் போய் இறங்கியதும் எடுத்தது. தங்கையின் மூன்று வயது மகள் அந்தப் பெரிய ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டு, ஹால் முழுக்க டொக்கு டொக்கென்று நடந்து, பொம்மைகளை மிரட்டுகிறாள். "நான் பெரியம்மா வந்திருக்கேன். எல்லாரும் வரிசையா நில்லுங்க!" கடைசியில் தரையில் விழுந்து, எழுந்து, கட்டை விரலை வாயில் வைத்துக்கொள்கிறாள்.

ஷூவில் ஒட்டியிருந்த தூசி ஆளைக் கொல்கிற அளவெல்லாம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மூன்றரைக்கு, மெஷின்களை ஒட்டியிருந்த கண்ணாடி அறைக்கு மேலாளர் அவளைத் தேடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார்.

"செயினை இப்பவே கழட்டிடலாம் மேடம். 'உடனே சரிசெய்யப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. உங்களுக்கும் அதுதான் நல்லது. பதினாலாம் நம்பர் உங்க கையெழுத்துல இருக்கு பாருங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷத்துலேருந்து இந்த வாசல் வழியா எத்தனை பேர் வெளிய போயிருக்காங்க?"

"இருநூறு, இருநூத்திப் பத்து இருக்கும்."

"அத்தனை பேரையும் அழுமூஞ்சில ஏத்துங்க. அப்புறம் அத்தனை பேர் வீட்டையும் பார்க்கணும்."

"வீடா? ஊரே வாசல்ல வந்து நிக்கும் மேடம்! உலையை எப்போ ஓட்டுறது?"

"வரட்டும். வந்தா நானே பதில் சொல்றேன். உலை நிக்கட்டும்."

ஷூவைக் கழற்றி, கதிரியக்கக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டாள். அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில், சென்ற ஆண்டின் ஆய்வுக் குறிப்பு எண் பதினான்கு என்று எழுதி, அதை எழுதியவர் என்று தன் பெயரையும் போட்டாள். பேனா மை ஓரிடத்தில் திட்டாகப் பரவியது. பிறகு டெக்னீஷியனைக் கூப்பிட்டாள்.

"வீட்டு லிஸ்ட் எழுதுங்க. முதல் விலாசம் நான் சொல்றேன்."

அவர் எழுதிக்கொண்டே கேட்டார். "இது யார் வீடு மேடம்?"

"என் தங்கச்சி வீடு."

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தங்கைக்குப் போன் போட்டாள். யாரும் ஹாலில் நடக்கக் கூடாது, குழந்தையின் கையைக் கழுவு, பயப்படாதே. எந்த வரிசையில் சொன்னால் தங்கை பயப்படாமல் இருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தது குழந்தை.

"பெரியம்மா, எப்போ வருவே?"

"அம்மாகிட்ட குடு கண்ணு."

"அம்மா குளிக்கிறா. பெரியம்மா, இன்னிக்கும் அந்த ஷூவைப் போட்டுட்டு வா. சரியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுமூஞ்சியின் முன்னால் வரிசை மாறி நின்றிருந்தது. முதல் ஆள் ஏறினார், சிவப்பு. அவர் இறங்கித் தன் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நின்றார். அவள் காலுறையோடு குளிர்ந்த தரையில் நின்றுகொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.