குழல் விட்ட பூஞ்சை

தொண்டூர் பாண்டுரங்கன் வயிற்றில் டிராக்டர் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. செஞ்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடலைத் தைத்தார்கள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. அவர் ரத்தத்தில் பூஞ்சை இருப்பதை லேப் டெக்னீஷியன் மணிமொழி அன்று காலைதான் கண்டாள். டாக்டர் எலிசபெத்தின் கையிருப்பு மருந்து ஒரு வகைப் பூஞ்சைக்குத்தான் நிச்சயமாகக் கேட்கும். வேறு வகையென்றால் ஆளைப் புதுச்சேரிக்குத் தூக்கிப் போக வேண்டும், வழியிலேயே உயிர் போய்விடலாம். மணிமொழி ஒரு சோதனைக் குழாயில் பூஞ்சையை ரத்தத் தெளிநீரோடு கலந்து, உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்தாள்.

சற்று நேரத்தில் பாண்டுரங்கனின் தம்பி அரிகிருஷ்ணன் உள்ளே வந்தான்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? அண்ணன் நெனவில்லாம கெடக்குறாரு."

"ரெண்டு மணி நேரம் ஆவும்ணா. கிருமி இப்ப உருண்டையா இருக்குது. ரத்தத்துல இருக்கிற ரசாயனம் பட்டு கொழலா நீண்டுச்சுன்னா, நம்ம மருந்து கேக்குற வகைன்னு தெரிஞ்சிடும். ஒடம்புக்குள்ளயும் அப்படித்தான் நீண்டு சதையக் கிழிச்சிக்கினு போவுது."

"கிழிக்கட்டும்னு குந்திக்கினு வேடிக்கை பாக்குறியா?"

ஸ்டூலைத் தூக்கி மைக்ராஸ்கோப்பின் மேல் இறக்கினான். கண்ணாடி சிதறியது. மணிமொழி இன்குபேட்டரை மறைத்து நின்றாள். அவள் முடியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். பல் உடைந்தது. கீழே விழுந்தவளின் விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான். அவள் இன்குபேட்டரின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வார்டு ஆட்கள் வந்து அவனை இழுத்துப் போனார்கள்.

தையல் போடக் கூப்பிட்ட நர்ஸிடம் அப்புறம் என்றாள். ரெண்டு மணி நேரம் ஆனதும் சோதனைக் குழாயைத் துண்டில் சுற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுக்கு நடந்தாள். வீங்காத கண்ணால் அங்கிருந்த மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். உருண்டைகளிலிருந்து மெல்லிய குழல்கள் நீண்டிருந்தன.

"கொழல் விட்டிருக்குது மேடம். நம்ம மருந்தே போதும்," என்று டாக்டரிடம் போனில் சொன்னாள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

மருந்து ஏற்றிய நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் பூஞ்சை அதற்குள் பாண்டுரங்கனின் வலது கண்ணுக்குள் புகுந்து பார்வையைத் தின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, ஜாமீனில் வந்த அரிகிருஷ்ணன் அண்ணனோடு லேபுக்கு வந்தான். "கேஸை வாபஸ் வாங்கிக்கம்மா. தெரியாம பண்ணிட்டேன்."

மணிமொழி பதில் சொல்வதற்குள் பாண்டுரங்கன் பேசினார். "வாங்காதம்மா. இவன் உள்ள போவட்டும்."

"வாங்க மாட்டேண்ணா," என்றாள் அவள்.

அவர்கள் போனதும் கதவை உள்பக்கம் தாழிட்டாள்.